ஒரே ஊரை நாற்பது வருடம் பார்த்தால் அது பொருளாதாரமா?

கேள்வி, பிப்ரவரி 3

ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஒருவர் தன் வேலைக்காலத்தின் பெரும்பகுதியை ஆரணியை ஆராய்வதில் கழித்தார் என்று படித்தேன். இத்தனை ஆயிரம் ஊர் இருக்கும் நாட்டில், ஒரு சின்ன ஊரை வைத்துக்கொண்டு "இந்தியா இப்படித்தான் இயங்குகிறது" என்று எப்படிச் சொல்ல முடியும்? இது பொருளாதாரமா, ஊர்க்கதையா?

பிப்ரவரி 3, இரவு

நான் ஆரணிக்காரன். பதிலில் ஊர்ப்பாசம் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்வது பார்பரா ஹாரிஸ்-வைட். பழைய கட்டுரைகளில் பார்பரா ஹாரிஸ் என்று இருக்கும், ஆள் ஒன்றுதான். பசுமைப் புரட்சி உண்மையில் என்ன செய்தது என்று பார்க்க 1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குழு அன்றைய வடாற்காடு மாவட்டத்துக்கு வந்தது. குழுவில் மற்றவர்கள் கிணறு, விதை, நிலம் என்று கிராமத்தில் இறங்கினார்கள். இவர் நெல் களத்தை விட்டுப் புறப்பட்ட பிறகு எங்கே போகிறது என்று பின்னாலேயே போனார். மண்டி, மில், கடை. அப்படித்தான் 1973இல் ஆரணி அவர் கணக்கில் ஏறியது. அப்புறம் நாற்பது வருடம் இங்கேயே இருந்துவிட்டார்.

நெல் விலையை எழுத எத்தனையோ பேர் இருந்தார்கள். நெல் வியாபாரி விவசாயிக்கு ஏன் கடன் கொடுக்கிறான், கொடுத்தால் அறுவடைக்குப் பிறகு அந்த நெல் யார் மண்டிக்குப் போக வேண்டும், அங்கே விலையை யார் சொல்கிறார்கள், இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுதினவர் இவர். இது பொருளாதாரம் இல்லை என்றால் வேறு எதுதான்?

பிப்ரவரி 4

திருத்தம். "இங்கேயே இருந்துவிட்டார்" என்று எழுதினது தப்பு. வேகத்தில் வந்துவிட்டது. அவர் இங்கே குடியிருக்கவில்லை, திரும்பித் திரும்பி வந்தார். 1973, 1983, 1993 என்று ஏறக்குறைய பத்து வருடத்துக்கு ஒரு முறை ஊரின் தொழில்களைக் கணக்கெடுத்தார். அதற்குப் பிறகும் அவரோடு வேலை செய்தவர்கள் வந்தார்கள். நடுவில் லண்டனில் ஊட்டச்சத்து பற்றிப் பாடம் எடுத்திருக்கிறார். 1987இல் ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே வளர்ச்சி ஆய்வுகள் துறையான குவீன் எலிசபெத் ஹவுஸுக்குச் சில வருடம் இயக்குநர்.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். அவர் முதலில் படித்தது புவியியல். பதவியின் பெயரும் வளர்ச்சி ஆய்வுகள் பேராசிரியர். ஆகவே கேள்வி கேட்டவருக்குப் பாதி வெற்றி. 1969இல் இமயமலை ஏறுவதற்காக கேம்பிரிட்ஜிலிருந்து டெல்லிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர் அவர். மலை ஏற வந்தவர் மண்டிப் படி ஏறினார்.

பிப்ரவரி 4, சாயங்காலம்

அப்பாவிடம் கேட்டேன். ஆரணியில் ஒரு அரிசி மில்லில் 31 வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். "அப்படி ஒரு அம்மா வந்து போறதா சொல்லுவாங்க. எங்க மில்லுக்கு வரல." கொஞ்ச நேரம் கழித்து: "வந்திருந்தாலும் எந்த நோட்டைக் காட்டியிருப்பேன்?"

பிப்ரவரி 6

கணக்கெடுப்பு என்றால் என்னவென்று எனக்கும் கொஞ்சம் தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன்னால், படிப்பு முடிந்து வேலை கிடைக்காத நேரத்தில், சிறு தொழில்களைப் பற்றிய ஒரு சர்வேக்குப் போனேன். நடத்தியது யார் என்பது இங்கே வேண்டாம். ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. பெட்ரோல் என் செலவு.

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு நெசவு ஊர். முன்கூடத்தில் குழித்தறி. அண்ணன் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, நெய்துகொண்டே பதில் சொன்னார். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது, தறி தன்னுடையது, புடவைக்குக் கூலி. முன்பணம் வாங்கியிருக்கிறார், எவ்வளவு என்று சொல்லவில்லை. "இந்தத் தொழிலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்ற கேள்வி வந்தது.

"நான் ஒருத்தன்தான் தம்பி."

அவருக்கு நாலடி தள்ளி அவர் மனைவி ராட்டை போட்டுத் தார், அதாவது ஊடைநூல் குச்சி, சுற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தார் தறியில் ஓடும் நாடாவுக்குள் போகாவிட்டால் தறி நின்றுவிடும். நான் இருந்த முக்கால் மணி நேரத்தில் அண்ணன் இரண்டு முறை கையை நீட்டினார், இரண்டு முறையும் தலையைத் திருப்பவே இல்லை. தார் கைக்கு வந்துவிட்டது.

"அக்கா என்ன செய்யறாங்க?"

"வீட்டுல சும்மாதான் இருக்கா."

படிவத்தில் 1 என்று எழுதினேன்.

கூலி இல்லாமல் உழைக்கும் குடும்பத்தாருக்கு அதே படிவத்தில் தனிக் கட்டம் இருந்தது. பயிற்சியில் அதை இரண்டு தடவை சொன்னார்கள். ஆனால் அதில் ஒரு ஆளைச் சேர்த்தால் அவருக்காக இன்னும் இரண்டு பக்கம் நிரப்ப வேண்டும். மணி ஐந்தாகிவிட்டது, இருட்டுவதற்குள் இன்னும் மூன்று வீடு, படிவத்துக்குத்தான் காசு, பக்கத்துக்கு இல்லை. எனவே 1.

பேராசிரியர் கதைக்கு இதுவும் சேர்ந்ததுதான். அவர் பாடுபட்டுத் தேடினதை நான் இரண்டு பக்கத்துக்குச் சோம்பி விட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 6, பின்குறிப்பு

அந்தச் சர்வேயில் கடைசி மாதக் கூலி எனக்கு வரவில்லை. ஒப்பந்தம் கிடையாது, பி.எஃப். கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. தொழிலாளர் புள்ளிவிவர நிபுணர்கள் 2003இல் கூடி, பெரிய நிறுவனத்துக்கே வேலை செய்தாலும் பாதுகாப்பு எதுவும் இல்லாதவர் முறைசாராத் தொழிலாளிதான் என்று வரையறையை விரித்தார்கள். அதன்படி நானும் ஒருவன். கணக்கெடுக்கப் போனவனை யாராவது கணக்கெடுத்தார்களா தெரியவில்லை.

பிப்ரவரி 9

இந்த "முறைசாரா" என்ற சொல் என்னை ஒரு வாரமாகப் பிடித்து ஆட்டுகிறது.

கீத் ஹார்ட் என்ற மானுடவியலாளர் கானாவின் அக்ரா நகரத்தில், வடக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, 1971இல் ஒரு மாநாட்டில் "இன்ஃபார்மல்" என்ற ஆங்கிலச் சொல்லைப் புழக்கத்தில் விட்டார். அடுத்த வருடமே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் கென்யா அறிக்கை அதை எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பரப்பியது. வேலையில்லாதவர் என்று அதிகாரிகள் எழுதினவர்கள் உண்மையில் விடிந்ததிலிருந்து ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் அதில் புதுசு.

தமிழில் அதை முறைசாரா என்று ஆக்கினோம். யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் முறை என்றால் என்ன? மாமன் முறை, மச்சான் முறை, முறைப்பெண், முறை செய்வது. ஆரணியில் ஒரு கடைப்பையன் வேலைக்குச் சேர்வது யாரால்? பங்காளி சொல்லி. ஒரு முதலாளியிடமிருந்து நின்றால் அடுத்த கடைக்காரர் சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் யாரைக் கேட்கிறார்? பழைய முதலாளியை. கடன் யாருக்குக் கிடைக்கும், சரக்கு யாருக்குக் கடனில் போகும், பெண் கல்லாவில் உட்காரலாமா, எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. சட்டம் எட்டாத இடத்தில் முறைதான் ஆள்கிறது. ஹாரிஸ்-வைட் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான். அரசு ஒழுங்குபடுத்தாத பொருளாதாரத்தை சாதி, பால், மதம், இடம் இவை ஒழுங்குபடுத்துகின்றன, அது கட்டற்ற சந்தை இல்லை என்றார். அவர் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் முழுக்கச் சொன்னதைத் தமிழில் ஒரு சொல்லே மறுத்துக்கொண்டு நிற்கிறது. முறை சார்ந்ததற்குப் பெயர் முறைசாரா!

பிப்ரவரி 10

"அரசு சொல் அமைப்புசாரா, தொழிலாளர் நல வாரியத்தின் பெயரிலேயே இருக்கிறது, உங்கள் வாதம் விழுந்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

விழவில்லை. அமைப்பு இல்லையாம்! ஆரணியில் எதற்குச் சங்கம் இல்லை? அரிசி ஆலைக்கு, நகைக்கு, பட்டுக்கு, மளிகைக்கு. சிலது தொழில் பெயரில் இருக்கும், உள்ளே போனால் ஒரே சாதியாக இருக்கும். சிலது சாதிப் பெயரிலேயே இருக்கும், உள்ளே தொழில் பேசுவார்கள். கடை அடைக்கும் நேரம், லீவு நாள், எடைத் தகராறு, ஏற்றுக்கூலி, அதிகாரி வந்தால் யார் போய்ப் பேசுவது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். அவருடைய ஆய்வில் இந்தச் சங்கங்களுக்குப் பெரிய இடம் உண்டு. அமைப்பு முதலாளிக்கு இருந்தது. இல்லாதது மூட்டை தூக்கினவருக்கு.

வாரியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை வைத்து, 1994இல் கட்டுமானத் தொழிலாளருக்கு என்று ஆரம்பித்து, தமிழ்நாடு செய்தது சின்ன விஷயம் இல்லை.

பிப்ரவரி 15

மில்லைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன்.

சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போவேன். மில்லுக்கு முன்னால் சிமெண்டுக் களம். அவித்த நெல்லைக் கொட்டிப் பரப்பி, பெண்கள் வரிசையாகக் காலால் கிளறிக்கொண்டே போவார்கள். கோடு கோடாக விழும். வெயில் ஏறினால் களம் கொதிக்கும், ஆனாலும் செருப்பு கிடையாது. நெல் அவிகிற அந்த வாசனை இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் எனக்கு அப்பாவின் மேஜைதான் ஞாபகம் வரும்.

மேஜையில் கூலி நோட்டு. அதில் ஆண்களுக்குப் பெயர் இருக்கும்: இன்னார், இன்னார், எதிரே ரூபாய். கடைசி வரியில் "களம், பெண் 14" என்று இருக்கும். அதற்கு ஒரே தொகை. மேஸ்திரி வாங்கிக்கொண்டு போய்ப் பிரிப்பார். பெயர் ஏன் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது கேட்டால் அப்பா, "ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்கடா" என்கிறார். மாறவில்லை. எனக்கே நாலைந்து பேர் முகம் வருடக்கணக்கில் தெரியும்.

அப்புறம் பாய்லர் பெரிதானது, டிரையர் வந்தது. களத்தில் வேலை குறைந்தது. 14 என்பது 9 ஆனது, 4 ஆனது, ஒரு நாள் அந்த வரியே இல்லை. ஆண்களில் யார் நின்றார்கள் என்று நோட்டைப் புரட்டினால் சொல்லிவிடலாம். பெண்களில் யார் போனார்கள் என்று சொல்ல முடியாது, எண்தான் குறைந்தது.

நவீன மில் வந்தால் அரிசி உடையாது, கல் இருக்காது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே, இந்த மாற்றத்தில் யாருடைய கூலி போகிறது, பெரும்பாலும் பெண்களுடையது, என்று எண்ணிப் பார்த்தவர்களில் ஹாரிஸ்-வைட் ஒருவர். எங்கள் மில்லுக்கு வரவில்லைதான். வேறு மில்லில் பார்த்திருக்கிறார்.

பிப்ரவரி 16

மேலே படித்துப் பார்த்தேன். அப்பாவின் "பெண் 14"ஐக் குறை சொல்கிறேன். என் படிவத்தில் அது 0.

பிப்ரவரி 27

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரு ஊரை வைத்து நாட்டைப் பேசலாமா?

2003இல் வந்த அவருடைய "இந்தியா வொர்க்கிங்" புத்தகத்தில் 88 சதவீதத்தினரின் இந்தியா என்று ஒரு பேச்சு வரும். கிராமங்களிலும் இரண்டு லட்சத்துக்குக் குறைவான ஜனத்தொகை உள்ள ஊர்களிலும் வாழ்ந்தவர்கள் அன்றைக்கு அத்தனை பேர். மீதி 12 சதவீதத்தைப் பற்றித்தான் பெரும்பாலான பொருளாதாரப் பேச்சு. அதனால் "ஏன் ஆரணி" என்று கேட்பவர் "ஏன் பெங்களூரு" என்றும் கேட்க வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை. ஆரணி எல்லா ஊரையும் போன்றது என்று அவர் சொல்லவில்லை. சரியான கேள்விகள் எவை என்று அங்கே தெரிந்துகொண்டு, அவற்றை மற்ற ஊர்களின் ஆய்வுகளோடும் நாட்டுப் புள்ளிவிவரத்தோடும் வைத்துப் பார்த்தார்.

பெரிய எண்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அர்ஜுன் சென்குப்தா தலைமையில் இருந்த அமைப்புசாராத் துறை ஆணையம் 2007இல் கொடுத்த அறிக்கை ஞாபகம் இருக்கிறதா? நாளுக்கு 20 ரூபாய்க்குள் செலவழித்து வாழ்ந்தவர்கள் 83.6 கோடிப் பேர், ஜனத்தொகையில் 77 சதவீதம். அந்த ஒரு எண் கிளப்பிய சத்தத்தை ஆரணி பற்றிய எந்தக் கட்டுரையும் கிளப்பியது கிடையாது. ஆனால் அந்த 20 ரூபாய் ஏன் 40 ஆகவில்லை என்று கேட்டால் மண்டிக்கும் தறிக்கும்தான் வர வேண்டும்.

2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பில் வேலை செய்பவர்களில் 57 சதவீதம் சுயதொழில். இதை வைத்து, நாடு முழுக்கத் தொழில்முனைவோர் என்று மேடையில் பேசலாம். தறி அண்ணனும் அந்த 57க்குள்தான் வருவார். தறி அவருடையது, பட்டு முதலாளியுடையது, முன்பணம் தீரும் வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. ஹாரிஸ்-வைட் சொல்வது, இப்படிப்பட்ட சிறு உற்பத்தி எண்ணிக்கையில் பெருகுகிறது, அளவில் வளர்வதில்லை. ஒரு தறி பத்துத் தறி ஆவதில்லை, பத்து வீட்டில் ஒவ்வொரு தறி வருகிறது.

பிப்ரவரி 28

திரும்பிப் போய்ப் பார்ப்பது வெளிநாட்டுக்காரர் கொண்டுவந்த புதுப் பழக்கமா என்று கேட்டிருந்தார்கள். பழக்கம் பழசு, கொண்டுவந்தவர் வெளிநாட்டுக்காரர்தான். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், லீவுக்கு ஊருக்குப் போன மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து "உங்கள் ஊரை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். அது 1918இல் புத்தகமானது. அதில் தூசியும் ஒன்று, எங்கள் பக்கத்து ஊர், காஞ்சிபுரம் போகிற வழி. அதே புத்தகத்தில் உள்ள இருவேல்பட்டு போன்ற ஊர்களுக்கு 1930களில் போனார்கள், 1980களில் போனார்கள், 2008இலும் போனார்கள். லீவு வீட்டுப்பாடம் நூறு வருடம் ஓடுகிறது!

மார்ச் 8

முந்தைய குறிப்புகளில் "முறை"யைக் கொஞ்சம் ஆசையாக எழுதிவிட்டேன் போல. பங்காளி சொல்லி வேலை கிடைத்தது என்றால் இனிப்பாக இருக்கிறது. பங்காளி இல்லாதவனுக்கு? அவருடைய ஆய்வுகளில் தலித்துகள் எங்கே இருந்தார்கள்? துப்புரவில், தினக்கூலியில், சுமையில். கடை முதலாளிகளில் அரிதாக. நாற்பது வருடத்தில் சிலது மாறியிருக்கிறது, ஆனால் கல்லாவுக்கு அந்தப் பக்கம் போவது சுலபமாகிவிடவில்லை.

எங்கள் தெருவில் ஒரு நண்பன், காலனிப் பையன், என்னோடு பி.காம். படித்தவன், கணக்கில் என்னைவிடக் கெட்டி. ஒரு நகைக்கடையில் கணக்கெழுத ஆள் வேண்டும் என்றார்கள். போனான். மார்க்கைக் கேட்டார்கள், பிறகு தெருவைக் கேட்டார்கள். "சொல்லி அனுப்பறோம்." அதே கடையில் அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஏழு மாதம் அங்கே வேலை செய்தேன். அவனிடம் அதைப் பற்றிப் பேசினதே இல்லை. அவனும் கேட்கவில்லை.

மார்ச் 9

"தெருவில்" என்று எழுதியிருக்கிறேன். தெருவில் இல்லை. அவன் வீடு காலனியில், அதனால்தானே அந்தக் கேள்வி வந்தது.

மார்ச் 21

இன்றைக்கு நம் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் எடுக்கும் உதவிப் பேராசிரியர் இப்படி ஒரு வேலையை எடுக்க முடியுமா? எனக்குத் தெரிந்த ஒருவர் முயற்சி செய்தார். வருடத்துக்கு இத்தனை கட்டுரை, அதற்கு இத்தனை மதிப்பெண், அது சேர்ந்தால்தான் பதவி உயர்வு. 1983இல் போய் 1973இல் பார்த்த கடையைத் தேடுவதற்கு மதிப்பெண் கிடையாது. அவர் இப்போது இணையத்தில் கிடைக்கும் பெரிய தரவுத் தொகுப்பை எடுத்து ஓட்டுகிறார். சுறுசுறுப்பாகக் கட்டுரை வருகிறது. தப்பு சொல்லவில்லை, பிள்ளை குட்டி இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்ததால் ஹாரிஸ்-வைட்டால் காத்திருக்க முடிந்தது என்பதும் உண்மைதான். 2011இல் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. நெல் உற்பத்தியிலிருந்து விற்பனை வரை எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியேறுகிறது, ஒரு சின்ன ஊரின் குப்பை யார் கையில் போகிறது என்று வேறு வேறு கேள்விகளோடு தமிழ்நாட்டுப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 14

புத்தாண்டு லீவுக்கு ஊருக்கு வந்தேன். அந்தத் தறி வீட்டுக்குப் போனேன். அவர்களோடு பழக்கம் விடவில்லை, என் தங்கை கல்யாணப் புடவை அந்தத் தறியில் நெய்ததுதான். மகன் ஒரகடத்தில் காண்ட்ராக்ட் வேலையில் இருக்கிறான். தறி அதே இடத்தில். ராட்டைக்கு மோட்டார் வைத்திருக்கிறார்கள், அக்கா அதே நாலடி தூரத்தில்.

அந்த 1ஐச் சொன்னேன். அக்காவுக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். "இன்னா தம்பி, நீ என்னைக் கேக்கவே இல்லையே" என்று சிரித்தார். அண்ணன் கையை நீட்டினார், தார் போனது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"ஆமா, உனக்கு ஒரு மாசக் காசு நிறுத்தி வெச்சாங்கன்னு பொலம்புவியே, அது வந்துச்சா?"

"வரல அக்கா."

"எங்க முதலாளி புடவையைப் போட்டா அன்னைக்கே குடுத்துடுவாரு," என்றார் அண்ணன், தறியை நிறுத்தாமல். "முன்பணத்துல கழிச்சுக்கினு."